எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல்: தெரிந்திருந்தும் ஏன் ஒதுங்கி இருக்க மாட்டேன் என்கிறோம்?

பொருநைக்கரை | 14 மார்ச் 2023, இரவு 9.40

மூன்று வாரங்களாக எங்கள் தெருவில் காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள சிறிய தெரு இது. முதலில் மூலைவீட்டுக் கல்லூரி மாணவனுக்கு வந்தது. அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலி, மூன்று நான்கு நாள் காய்ச்சல், அது விட்ட பிறகும் விடாத வறட்டு இருமல் என்று ஒரே மாதிரியாக எல்லா வீட்டிலும் சுற்றி வருகிறது. எச்3என்2 என்ற இன்ஃப்ளூயன்சா வகை பரவுவதாகச் செய்திகள் சொல்கின்றன. ஜனவரி 2 முதல் மார்ச் 5 வரை நாடு முழுவதும் 451 பேருக்கு இவ்வகை உறுதியானதாக மத்திய சுகாதார அமைச்சகம் தெரிவித்துள்ளது. கர்நாடகத்திலும் அரியானாவிலும் ஒவ்வொருவர் இறந்திருக்கிறார்கள். பரிசோதனை செய்துகொள்பவர்கள் மிகக் குறைவு என்பதால் உண்மையில் நோயுற்றவர்கள் இதைப் போலப் பல மடங்கு இருப்பார்கள் என்பது என் எண்ணம். எங்கள் தெருவில் ஒருவர்கூடப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. தமிழக அரசு கடந்த 10ஆம் தேதி ஆயிரம் இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தியது. எங்கள் பகுதி முகாமுக்கு என் மாமியாரை நான்தான் அழைத்துச் சென்றேன்.

நோயைவிட மக்கள் அதை எதிர்கொள்ளும் விதம்தான் என்னை வருத்துகிறது. இரண்டு வாரங்களுக்கு முன் எதிர்வீட்டில் வளைகாப்பு நடந்தது. பெண்ணின் அத்தைக்கு அன்று காலையில்தான் காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்தது. கண்கள் சிவந்து, குரல் கம்மி, முந்தானையால் வாயைப் பொத்தி இருமியபடியே வந்து, சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டுப் போனார். நான் மெல்லக் கேட்டபோது, "அத்தை வராம இருந்தா நாளைக்கு என்ன பேசுவாங்க?" என்றார். நான்காவது நாள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் மூச்சுத்திணறலோடு ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள். இப்போது நலமாக இருக்கிறாள்.

அத்தைக்கு அந்தப் பெண்மேல் உயிர். இருமினால் பரவும் என்பதும் அவருக்குத் தெரியாதது அல்ல. தெரியாவிட்டால் முந்தானையால் ஏன் வாயை மூட வேண்டும்? கொரோனாவுக்குப் பிறகு இது தெரியாத வீடு நம் நாட்டில் இல்லை. தெரிந்த பிறகும் ஏன் இப்படி நடந்துகொள்கிறோம்? தங்கள் ஊரில் கண்டதை எழுதுங்கள்.

---

கரிசல்காட்டான் | 14 மார்ச் 2023, இரவு 11.15

விருதுநகர் மாவட்டத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறேன். காய்ச்சல் பரவுகிறது என்பது செய்தித்தாளுக்கு முன்னால் என் கல்லாவுக்குத் தெரிந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் வேலை விட்டு வருகிறவர்கள் வரிசையாக நின்று கேட்பது ஒன்றேதான்: "அண்ணே, காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க."

செட் மாத்திரை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காய்ச்சலுக்கு ஒரு பாராசிட்டமால், சளிக்கு ஒரு மாத்திரை, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, இவற்றோடு ஓர் ஆன்டிபயாட்டிக். ஒரு வேளைக்குரியதை ஒன்றாகக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது வழக்கம். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும் கொடுத்திருக்கிறேன். நான் மறுத்தால் அடுத்த கடையில் கிடைக்கும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், கேட்பவரின் முகம். "நாளைக்கு வேலைக்குப் போகணும்ணே, சீக்கிரம் கேக்குற மாதிரி குடுங்க" என்று கேட்கும் பெண்ணிடம், மூன்று நாள் படுத்திருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிப் பாருங்கள். அந்த மூன்று நாளுக்குக் கூலி யார் கொடுப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டார். பேசாமல் நிற்பார். அந்த மௌனத்துக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஆகவே அத்தையைப் பற்றி எழுதிய சகோதரிக்கு என் பதில் இது. எங்கள் பக்கத்தில் மக்கள் ஒதுங்கி இருக்காமல் போவதற்குக் காரணம் அறியாமையும் அல்ல, அலட்சியமும் அல்ல. படுத்தால் அடுப்பு எரியாது. மாத்திரை அவர்களுக்கு மருந்து மட்டும் அல்ல. அது ஒரு நாள் கூலியைக் காப்பாற்றித் தரும் பொருள்.

---

அனலேந்தி | 15 மார்ச் 2023, காலை 7.05

மூன்று ஆண்டுகள் முகக்கவசம், ஊரடங்கு, தடுப்பூசி என்று மக்கள் களைத்துப் போயிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "கொரோனாவே வந்துட்டுப் போச்சு, இது என்ன பெரிசு" என்ற பேச்சைப் பேருந்தில் தினமும் கேட்கிறேன். பெரிய நெருப்பைத் தாண்டியவனுக்கு அடுப்பு நெருப்பு கண்ணில் படுவதில்லை.

---

பழைய புனேக்காரன் | 15 மார்ச் 2023, காலை 10.30

கரிசல்காட்டான் ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கூலிக் கவலையே இல்லாத மாதச் சம்பளக்காரர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2009இல் பன்றிக் காய்ச்சல் பரவியபோது நான் புனேயில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று புனேயில் பதினான்கு வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி இறந்தாள். இந்தியாவில் எச்1என்1 என்ற அந்தப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் தொற்றால் நேர்ந்த முதல் மரணம் அது. அதுவரை விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணிகளைச் சோதிக்கும் செய்தியாக இருந்த நோய் ஒரே இரவில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. அடுத்த ஒரு வாரத்துக்குள் பள்ளிகள், கல்லூரிகள், திரையரங்குகள், மால்கள் என ஒவ்வொன்றாக மூடினார்கள். கோகுலாஷ்டமிக்கு நடக்கும் உறியடி விழாக்கள் பெரும்பாலும் கைவிடப்பட்டன. என்95 முகக்கவசம் எந்தக் கடையிலும் இல்லை. கிடைத்த இடத்தில் சொன்னதுதான் விலை. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு ஆட்டோ ஓட்டுபவர்களைக் கண்டேன். கற்பூரத்தையும் ஏலக்காயையும் சிறு துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டு, நிமிடத்துக்கொரு முறை முகர்ந்துகொண்டே கணினியில் தட்டிக்கொண்டிருந்தார் என் பக்கத்து இருக்கை நண்பர்.

இவற்றில் எதுவும் பெரிய தீங்கு செய்யவில்லை. தீங்கு செய்தது பரிசோதனை வரிசை. இந்த வைரஸை அடக்கும் டாமிஃப்ளூ மாத்திரை அப்போது தனியார் கடைகளில் கிடைக்காது. அரசு வழியாக மட்டுமே கொடுத்தார்கள். சில்லறை விற்பனைக்கு அனுமதி வந்ததே செப்டம்பரில்தான். எனவே லேசாகத் தும்மியவர்களும் பரிசோதனை மையத்துக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். எனக்குத் தொண்டையில் சிறு கரகரப்பு மட்டும் இருந்தது. மழைத்தூறலில் ஆறு மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். அந்தக் குழந்தையின் முகம் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. அது ஓயாமல் இருமிக்கொண்டே இருந்தது. நோய் இல்லாமல் அந்த வரிசைக்கு வந்து நோயோடு திரும்பியவர்களில் நானும் ஒருவன் என்றே இன்றுவரை நம்புகிறேன். இரண்டு நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் கண்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இங்கே முக்கியமாக எழுத வந்தேன். காய்ச்சலோடு ரயிலேறித் திருச்சிக்கு வந்துவிட்டேன். ஒரு பெட்டி நிறைய மனிதர்களுக்கு நடுவில், போர்வைக்குள் இருமலை அடக்கிக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்தேன். புனேயிலிருந்து வந்தவன் என்று தெரிந்தால் தெருவில் யாரும் பேச மாட்டார்கள் என்று அஞ்சி, பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான் என்று என் அம்மா எல்லாரிடமும் சொல்லி வைத்தார். எனக்குக் கூலி போகும் கவலை இல்லை. பொறியியல் படித்தவன், தொற்று எப்படிப் பரவும் என்பதை இணையத்தில் மணிக்கணக்கில் வாசித்தவன். உடம்புக்கு முடியாதபோது அம்மா இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதற்கு மேல் அந்த அறிவு ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பெட்டியில் இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பதினான்கு ஆண்டுகளாக அந்த எண்ணம் என்னை விடவில்லை.

---

ஏட்டுச்சுவடி | 15 மார்ச் 2023, பிற்பகல் 2.20

மறைப்பதைப் பற்றி நண்பர் எழுதியதால் ஒன்று சொல்ல வேண்டும். நோய்க்கு வைக்கும் பெயரே பாதி அச்சத்தை உண்டாக்கிவிடுகிறது. 2009 ஏப்ரல் இறுதியில் எகிப்து அரசு நாட்டிலிருந்த ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. அப்போது அங்கே ஒரு மனிதருக்குக்கூட நோய் உறுதியாகியிருக்கவில்லை. கெய்ரோவில் குப்பை அள்ளி, அதில் கிடைக்கும் உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்டுப் பிழைத்த ஏழைச் சமூகத்தின் வாழ்வு அதோடு சிதைந்தது. அந்தக் கழிவு தெருவில் குவிந்து நாறியது. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்க்கு விலங்கின் பெயர் ஒட்டிக்கொண்டதன் விளைவு இது. உலக சுகாதார நிறுவனம் உடனேயே அந்தப் பெயரைத் தவிர்த்தது, ஆனாலும் நாம் இன்றும் பன்றிக் காய்ச்சல் என்றுதான் சொல்கிறோம். 1918இல் பம்பாய் வழியாக நுழைந்த இன்ஃப்ளூயன்சாவுக்குப் பம்பாய்க் காய்ச்சல் என்றே பெயரிட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களை இந்நாட்டில் கொன்ற நோய் அது. இப்படி ஓர் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டால் அந்த ஊரிலிருந்து வருபவன் எப்படி உண்மையைச் சொல்வான்?

---

பொருநைக்கரை | 15 மார்ச் 2023, இரவு 8.50

புனே நண்பருக்கு: இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி.

கரிசல்காட்டான் அண்ணாவுக்கு: தங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். போன மாதம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா காய்ச்சலோடு வந்து பாத்திரம் துலக்கினார். பார்த்ததும் பதறி, வீட்டுக்குப் போங்கள் என்றுதான் சொன்னேன். சம்பளத்தைப் பிடிக்க மாட்டேன் என்று சொல்ல எனக்கு அப்போது தோன்றவில்லை. அது சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டேன். அவர் என் வீட்டை விட்டுவிட்டு மற்ற மூன்று வீடுகளுக்கும் போய் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று அவரிடம் கேட்டேன். ஒரு வீட்டில் இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். அறியாமை என்று பிறரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் அறியாமல் இருந்தவள் நான்தான்.

---

சுண்ணக்கட்டி | 16 மார்ச் 2023, மாலை 6.10

அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை நான். புதுச்சேரியில் இன்று முதல் 26ஆம் தேதி வரை எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள். நம் பக்கம் 13ஆம் தேதி முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. தேர்வறையில் கண்காணிப்புப் பணியில் இருந்தபோது ஒரு மாணவி குளிரில் நடுங்கிக்கொண்டே எழுதினாள். மேசையின்மீது இடது கையை வைத்து அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள், இரண்டு நிமிடம் கழித்து நிமிர்ந்து நான்கு வரி எழுதுவாள், மீண்டும் சாய்வாள். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. தனி அறையில் உட்கார வைக்க ஏற்பாடு செய்து, தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன். வீட்டுக்குப் போ என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்? தவறவிட்டால் துணைத்தேர்வு உண்டு என்பது உண்மைதான், ஆனால் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு "இப்போது விட்டால் அடுத்து எழுதலாம்" என்பது ஆறுதலாகக் கேட்பதில்லை.

மற்ற வகுப்புகளின் நிலை வேறு. காலையில் ஒரு மாத்திரையைப் போட்டு, வெந்நீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாத்திரையின் வேகம் பதினோரு மணிக்குத் தீர்ந்துவிடும். பதினொன்றரைக்கு அழைத்தால் பெற்றோர் இருவருமே தொலைபேசியை எடுக்க மாட்டார்கள், ஏனெனில் இருவரும் வேலையில் இருப்பார்கள். வருகைப் பதிவு முழுமையாக இருந்தால் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கள் பள்ளியில் உண்டு. இந்த ஆண்டு அதை நிறுத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

---

இரவுப்பணி | 17 மார்ச் 2023, அதிகாலை 4.35

அரசு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். வார்டு சற்று அடங்கியிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

காய்ச்சல் பரவும்போது எங்களிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. முதல் நாளிலேயே வந்து, பரிசோதனை செய்யுங்கள், ஊசி போடுங்கள், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று கேட்பவர்கள் ஒரு வகை. இவர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வும் கஞ்சியும் பாராசிட்டமாலும் போதும். 2009இல் மத்திய அரசு வகுத்த முறையே இதைத்தான் சொல்கிறது: லேசான காய்ச்சலும் இருமலும் உள்ளவர் முதல் பிரிவு, பரிசோதனை தேவையில்லை, வீட்டில் ஒதுங்கி இருந்தால் போதும், கடுமையான காய்ச்சல் உள்ளவரும் ஆபத்து மிகுந்தவரும் இரண்டாம் பிரிவு, இவர்களுக்கு ஓசெல்டாமிவிர் (டாமிஃப்ளூ மாத்திரை) தேவைப்படலாம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்க நிலை, சளியில் இரத்தம், நகம் நீலம் பாய்தல் இவற்றில் எது இருந்தாலும் மூன்றாம் பிரிவு, உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும். ஆபத்து மிகுந்தவர் என்றால் சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, இதயம், நுரையீரல், சிறுநீரக நோயுள்ளவர்கள்.

இந்த இரண்டாம், மூன்றாம் பிரிவினர்தான் தாமதமாக வருகிறார்கள். போன மாதக் கடைசியில் ஒரு கொத்தனார் வந்தார். ஐம்பது வயது, சர்க்கரை நோயாளி, காய்ச்சல் தொடங்கி ஆறாம் நாள். விரலில் கருவியை மாட்டினால் ஆக்சிஜன் அளவு மிகவும் குறைந்து 84 காட்டியது. அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கொட்டினார். மூன்று வெவ்வேறு கடைகளில் வாங்கிய செட் மாத்திரைகளின் மிச்சம் அதில் இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, சாரத்தின்மேல் ஏறி வேலை பார்த்திருக்கிறார். வைரஸை அடக்கும் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பலனளிக்கும். அந்த நேரம் முழுவதும் அவர் கட்டடத்தில் இருந்தார். பதினோரு நாள் எங்களோடு இருந்து பிழைத்து வீட்டுக்குப் போனார். அந்தப் பதினோரு நாளுக்கும் கூலி இல்லை.

மருந்துக்கடை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. தங்கள் கடைக்கு வருபவரின் மௌனம் எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காகித மடிப்பு அவருடைய மூன்று நாளை மறைத்துவிடுகிறது. இந்த மாதத் தொடக்கத்தில் இந்திய மருத்துவச் சங்கமே அறிக்கை விட்டிருக்கிறது: காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும், இருமல் மூன்று வாரம்வரை நீடிக்கலாம், ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று. இருமல் நிற்கவில்லையே என்று மக்கள் இரண்டாவது மூன்றாவது செட் வாங்குவது இதை யாரும் அவர்களுக்குச் சொல்லாததால்தான்.

கஷாயத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். கற்பூரவல்லி, துளசி, மிளகு ரசம், நொச்சி ஆவி எதற்கும் நான் எதிரி அல்ல. என் அம்மா வைத்துக் கொடுத்தால் நானும் குடிக்கிறேன். கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தைகள் அருகில் வைக்காதீர்கள், ஆவியில் வெந்துபோய் வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மற்றபடி கஷாயம் குடியுங்கள். குடித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று எழுந்து கல்யாணத்துக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு வாரம் நம்மிடமிருந்து பரவிக்கொண்டிருக்கும்.

---

அனலேந்தி | 17 மார்ச் 2023, காலை 8.15

தடுப்பூசி உண்டல்லவா? அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

---

இரவுப்பணி | 17 மார்ச் 2023, இரவு 9.05

உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். நம் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாததால் பெரும்பாலோர் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்கிறார்கள். நான் போட்டுக்கொண்டேன். வீட்டில் முதியவரோ கர்ப்பிணியோ சர்க்கரை நோயாளியோ இருந்தால் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

---

கரிசல்காட்டான் | 19 மார்ச் 2023, இரவு 10.40

செவிலி அம்மாவிடம் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பையில் இருந்த மடிப்புகளில் ஒன்று என்னைப் போன்ற ஒருவர் கையால் மடித்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து செட்டில் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிட்டேன். கல்லாவுக்கு முன்னால் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். எத்தனையாவது நாள், மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, சர்க்கரை உண்டா, வீட்டில் கர்ப்பிணி உண்டா என்று ஐந்து கேள்விகள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே கேட்கிறேன். இரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். நேற்று ஒருவர் நான்காவது நாள் என்றார். நான்கு படி ஏறி வந்ததற்கே மூச்சு இரைத்தது. மாத்திரை கொடுக்காமல் என் மகனோடு வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். படுக்கையில் சேர்த்துக்கொண்டார்களாம்.

கூலிக்கு மட்டும் இன்னும் என்னிடம் வழியில்லை. எங்கள் பக்கத்து ஆலையொன்றின் கணக்குப்பிள்ளை என் வாடிக்கையாளர். காய்ச்சல்காரர்களுக்கு இரண்டு நாள் அரைக்கூலியாவது கொடுக்க முடியுமா என்று முதலாளியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

---

பொருநைக்கரை | 20 மார்ச் 2023, இரவு 9.30

வேலை செய்யும் அக்காவுக்கு உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று நாங்கள் நான்கு வீட்டாரும் பேசி ஒத்துக்கொண்டோம். மூன்று வீட்டார் உடனே சரி என்றார்கள். நான்காவது வீட்டில் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது.

இன்று மாலை எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்க்க அத்தை வந்திருந்தார். இருமல் இன்னும் முழுதாக விடவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, பூவும் ஆரஞ்சும் இருந்த பையைக் கம்பியில் மாட்டிவிட்டு, "உள்ளே வரலடி, அங்கேயே உக்காரு" என்று சத்தமாகச் சொன்னார். அவள் திண்ணையில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் தெருவுக்கே கேட்கும்படி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.